ஜனத்தைக் கும்பலாக்கும் மொழிபெயர்ப்பு

ஸ்பானிய மொழியில் மக்களைக் குறிக்கும் சொற்களுக்குப் பஞ்சம் இல்லை. புவெப்லோ, ஹெந்தே, மாசா, முச்செதும்ப்ரே, ப்ளேபே, தூர்பா, பொப்புலாச்சோ, சூஸ்மா என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் தனி எடை உண்டு. சிலவற்றில் மரியாதை இருக்கிறது, சிலவற்றில் பயம் இருக்கிறது, சிலவற்றில் அப்பட்டமான அருவருப்பு இருக்கிறது. யார் யாரைப் பார்த்து எந்தச் சொல்லைச் சொன்னார் என்பதிலேயே ஸ்பெயினின் அரசியல் வரலாறு பாதி அடங்கிவிடும்.

இந்தச் சொற்களெல்லாம் ஆங்கிலத்துக்குள் நுழையும்போது பெரும்பாலும் மூன்றே டப்பாக்களில் அடைக்கப்படுகின்றன: பீப்பிள், மாஸஸ், மாப். நல்ல ஜனம் என்றால் பீப்பிள், எண்ணிக்கை அதிகம் என்றால் மாஸஸ், கையில் கல் இருந்தால் மாப். முடிந்தது வேலை.

இது அகராதிக்காரர்களின் சின்னச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. ஸ்பெயின், மெக்சிகோ, அர்ஜென்டினா, சிலி பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பதில் மிகப் பெரும்பகுதி ஆங்கிலம் வழியாக வந்ததுதான். ஆங்கில மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லில் எழுதிய தீர்ப்பு, தமிழில் வந்து சேரும்போது வரலாற்று உண்மையாகவே ஆகிவிடுகிறது. மேல்முறையீட்டுக்கு வழியே இல்லை.

புவெப்லோ: ஆளும் ஊரும்

முதலில் புவெப்லோ. இந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் பீப்பிள் என்று போடுவது வழக்கம். தப்பில்லை. ஆனால் புவெப்லோ என்றால் ஊர் என்றும் பொருள். வீடும் தேவாலயமும் சந்தைத் திடலும் உள்ள ஒரு ஊர், அந்த ஊரில் வாழும் ஜனம், பணக்காரர்களைத் தவிர்த்த சாதாரண ஜனம், கடைசியாக அரசியல் சாசனத்தில் வரும் மக்கள். இத்தனையும் ஒரே சொல்தான். மானிடவியலாளர் ஜூலியன் பிட்-ரிவர்ஸ் 1954-ல் அந்தலூசிய மலையூர் ஒன்றைப் பற்றி எழுதிய நூலில் இந்தச் சொல்லின் பல முகங்களைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். அவருக்குப் பிறகும் பீப்பிள் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறவர்கள் குறையவில்லை.

ஃபுவென்தே ஒவெஹுனா என்ற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். 1476-ல் அந்த ஊர் ஜனம் தங்களைக் கொடுமைப்படுத்திய அதிகாரியைக் கொன்றது. அந்தச் சம்பவத்தை வைத்து லோப்பே தெ வேகா எழுதிய நாடகம் 1619-ல் அச்சில் வந்தது. விசாரணையில் சித்திரவதை செய்து கேட்டாலும் ஒவ்வொருவரும் ஊரின் பெயரையே குற்றவாளியாகச் சொல்கிறார்கள் என்பதுதான் நாடகத்தின் உயிர். இங்கே புவெப்லோவை வில்லேஜ் என்றால் அரசியல் போய்விடும். பீப்பிள் என்றால் ஊர் போய்விடும். இரண்டும் சேர்ந்ததுதான் அந்தப் பதிலின் பலமே.

தமிழுக்கு இது சுலபமாகப் புரியும். "ஊரே திரண்டு வந்தது" என்றால் கட்டடங்கள் நடந்து வந்தன என்று யாரும் நினைப்பதில்லை. "ஊர் என்ன சொல்லும்" என்றால் அது ஜனத்தின் வாய். அதே ஊர் என்ற சொல்லுக்கு ஒரு வேலியும் உண்டு என்பதும் தமிழருக்குத் தெரியும். ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்த சொல் அது. புவெப்லோவுக்கும் வேலி உண்டு, ஆனால் அந்த வேலி வேறு திசையில் இருக்கிறது. அது பல சமயம் மேலே இருப்பவர்களை வெளியே நிறுத்தும். ஸ்பானிய அமெரிக்க நகரங்களில் மேல்தட்டுக்காரர்கள் தங்களை ஹெந்தே தெசெந்தே என்று அழைத்துக்கொண்டார்கள், அதாவது கௌரவமான மனிதர்கள். மற்றவர்கள் புவெப்லோ. இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதினால் முன்னது டீசென்ட் பீப்பிள், பின்னது தி பீப்பிள். ஸ்பானியத்தில் எதிரெதிரே நின்ற இரண்டு கட்சிகள் ஆங்கிலத்தில் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகிவிடுகின்றன.

இலக்கணமும் ஒரு வேலை செய்கிறது. ஸ்பானியத்தில் புவெப்லோ ஒருமை. ஒரே உடல் எழுந்து நிற்பதுபோல வினையும் ஒருமையில் வரும். ஆங்கிலத்தில் பீப்பிள் வழக்கமாகப் பன்மை வினையோடு வரும். ஒரு உடல் பல தலைகளாகப் பிரிந்துவிடுகிறது. இதை மொழிபெயர்ப்பாளரின் குற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால் இப்படி ஒன்று நடக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போவது அவர் குற்றம்தான்.

தொப்பிக்காகக் கலகமா?

அடுத்தது மொத்தீன். 1766 மார்ச் மாதம் மத்ரித் நகரில் ஒரு பெரிய கிளர்ச்சி நடந்தது. மூன்றாம் கார்லோஸின் இத்தாலிய மந்திரி எஸ்கிலாச்சே நீளமான போர்வை அங்கியையும் அகலமான தொப்பியையும் தடை செய்தார். ஜனம் தெருவில் இறங்கியது. ஸ்பானியத்தில் இதன் பெயர் மொத்தீன் தெ எஸ்கிலாச்சே. ஆங்கிலத்தில் எஸ்கிலாச்சே ரயட்ஸ். சில இடங்களில் தொப்பி-அங்கி ரயட்ஸ் என்றே பெயர்.

பெயரைக் கேட்டவுடன் என்ன தோன்றும்? தொப்பிக்காகக் கல்லெறிந்த கிறுக்கர்கள் என்றுதானே தோன்றும். நடந்தது அது மட்டுமல்ல. 1765-ல் தானியத்துக்கு இருந்த விலைக் கட்டுப்பாட்டை அரசு எடுத்துவிட்டது. விளைச்சலும் மோசம். ரொட்டி விலை ஏறியது. தெருவில் இறங்கிய ஜனம் அரசரிடம் வைத்த கோரிக்கைகளில் உடைச் சட்டத்தை நீக்குவது ஒன்று. எஸ்கிலாச்சேயை வெளியேற்றுவது, உணவுப் பொருள் விலையைக் குறைப்பது, வலூன் காவற்படையை நகரிலிருந்து அகற்றுவது ஆகியவை மற்றவை. இப்படி வரிசைப்படுத்திக் கோரிக்கை வைத்துப் பேரம் பேசி, அரசரை ஒப்புக்கொள்ளவும் வைத்த ஜனத்தை வெறுங்கூச்சல் கும்பல் என்று எப்படிச் சொல்ல முடியும்? மந்திரி நாட்டை விட்டுப் போனார். கிளர்ச்சி வேறு பல ஊர்களுக்கும் பரவியது.

இதில் கூத்து என்னவென்றால், 1808 மார்ச்சில் அரான்ஹுவெஸில் நடந்ததற்கும் ஸ்பானியத்தில் பெயர் மொத்தீன்தான். அங்கே மந்திரி கொதோய் விழுந்தார், நான்காம் கார்லோஸ் மகன் ஃபெர்னாந்தோவுக்காகப் பட்டம் துறந்தார். பின்னால் நின்று தூண்டியவர்களில் பிரபுக்கள் இருந்தார்கள். ஆங்கிலப் புத்தகங்களில் இது மியூட்டினி அல்லது டியூமல்ட் என்று வருகிறது. ரயட் என்று அபூர்வமாகத்தான் வரும். காவற்படையினரும் சேர்ந்ததால் மியூட்டினி பொருந்தும் என்று வாதிடலாம், அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஆனால் ஸ்பானிய வாசகருக்கு 1766-ம் 1808-ம் ஒரே வகை நிகழ்ச்சிகளாகத் தெரிகின்றன. ஜனம் தெருவில் இறங்கி மந்திரியைக் கவிழ்த்த இரண்டு சம்பவங்கள். ஆங்கில வாசகருக்கு அந்தத் தொடர்ச்சி கண்ணுக்கே தெரியாது. ஏழைகள் செய்தது ரயட், அரண்மனை சம்பந்தப்பட்டது வேறு ஏதோ.

சொல்லுக்குப் பின்னால் தீர்ப்பு இருக்கிறது என்பதை இந்திய வாசகருக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1857-ஐச் சிப்பாய்க் கலகம் என்பதா, சுதந்திரப் போர் என்பதா என்ற சண்டை பள்ளிப் பாடப்புத்தகம் வரைக்கும் வந்த சண்டை. அதே கண்ணோடு 1766-ஐயும் பார்க்கலாம்.

ஆங்கிலேய வரலாற்றாசிரியர்களே தங்கள் மொழியின் இந்தப் பழக்கத்தை எதிர்த்திருக்கிறார்கள். பிரெஞ்சுப் புரட்சியின் கூட்டங்களில் இருந்தவர்கள் யார், என்ன தொழில் செய்தவர்கள் என்று ஆவணங்களைத் தோண்டி, மாப் என்ற சொல் எவ்வளவு பொய் என்று 1959-ல் காட்டினார் ஜார்ஜ் ரூதே. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் உணவுக் கலகங்களை வெறும் வயிற்றின் துடிப்பாகப் பார்க்கக்கூடாது, அவற்றுக்குப் பின்னால் நியாயம் பற்றிய ஒரு பார்வை இருந்தது என்று 1971-ல் எழுதினார் ஈ.பி. தாம்ப்சன். சொந்த நாட்டு ஏழைக்குக் கிடைத்த இந்த மரியாதை ஸ்பானிய ஏழைக்கு மொழிபெயர்ப்பில் ஏன் கிடைக்கவில்லை?

மாப் என்ற சொல்லின் பிறப்பே ஒரு வசவு. நிலையில்லாத கீழ்மக்கள் என்ற லத்தீன் தொடரை வெட்டிச் சுருக்கிய சொல் அது. இப்படி வெட்டிய சொற்களைக் கண்டித்து ஜோனதன் ஸ்விஃப்ட் 1710-லேயே எழுதினார். அவர் கவலை மொழியழகு பற்றியது. இங்கே கவலை நியாயம் பற்றியது. ஸ்பானிய சூஸ்மா ஒரு காலத்தில் கப்பலில் துடுப்பு வலித்த கைதிகளைக் குறித்த சொல். அதிலும் வசவு இருக்கிறது, ஆனால் அதற்குள் துடுப்பும் சங்கிலியும் கிடக்கின்றன. தூர்பா வேறு, பொப்புலாச்சோ வேறு. எல்லாவற்றையும் மாப் என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால் எந்த வசவு யாருடையது என்று எப்படித் தெரியும்?

ஒர்த்தேகாவின் நெரிசல்

மக்கள் திரள் பற்றி ஸ்பானியத்தில் எழுதப்பட்ட நூல்களில் உலகம் முழுக்கத் தெரிந்தது ஹோசே ஒர்த்தேகா இ காசெத் எழுதிய 'லா ரெபெலியோன் தெ லாஸ் மாசாஸ்'. 1929-ல் எல் சோல் பத்திரிகையில் தொடராக ஆரம்பித்து 1930-ல் புத்தகமாக வந்தது. 1932-ல் ஆங்கிலத்தில் வந்தபோது மொழிபெயர்ப்பாளரின் பெயர் போடப்படவில்லை. 1985-ல் ஆந்தனி கெரிகன் செய்த இன்னொரு மொழிபெயர்ப்பு வந்தது. ஆனால் உலகத்தைச் சுற்றியது பழையதுதான்.

அதன் முதல் அத்தியாயத் தலைப்பு ஸ்பானியத்தில் 'நெரிசல்கள் என்ற உண்மை நிலை' என்று பொருள்படும். ஒர்த்தேகா கண்ணால் கண்ட ஒரு காட்சியிலிருந்து ஆரம்பிக்கிறார். ஹோட்டல் நிரம்பி வழிகிறது, ரயில் நிரம்பி வழிகிறது, காப்பிக் கடை, கடற்கரை, டாக்டர் வீட்டு வாசல் எல்லாமே நிரம்பி வழிகின்றன. முன்பு பிரச்சினையாக இல்லாதது இப்போது பிரச்சினை: உட்கார இடம் கிடைப்பது. இதுதான் ஆரம்பம். இந்தத் தலைப்பு ஆங்கிலத்தில் என்னவாயிற்று தெரியுமா? 'தி கமிங் ஆஃப் தி மாஸஸ்'. மாஸஸின் வருகை! நெரிசலைப் பார்த்துத் திகைத்தவரின் குறிப்பு, படையெடுப்புச் செய்தியாகிவிட்டது. வருகிறார்கள், வருகிறார்கள், கதவைச் சாத்துங்கள் என்பது போல.

இதைவிடப் பெரிய சேதம் பதினொன்றாம் அத்தியாயத்தில். ஸ்பானியத் தலைப்பில் சென்யோரித்தோ சாதிஸ்ஃபெச்சோ என்று ஒரு ஆள் வருகிறார். சென்யோரித்தோ என்றால் எஜமான் வீட்டுச் சின்னவர், அப்பன் சொத்தில் வளர்ந்து, உழைப்பறியாமல், உலகமே தனக்குக் கடன்பட்டது என்று நினைக்கிற பிள்ளை. தமிழில் சின்னப் பண்ணை என்றால் அந்த ஆள் கண்முன் வந்து நின்றுவிடுவான். ஆங்கிலத் தலைப்பு 'தி செல்ஃப்-சாடிஸ்ஃபைட் ஏஜ்'. சுயதிருப்தி மட்டும் மிஞ்சியது. சின்னப் பண்ணை காணாமல் போனார்.

இது ஏன் சேதம்? ஒர்த்தேகாவின் மாசா தொழிலாளி வர்க்கம் அல்ல. தன்னிடம் எதையும் கோராமல், எல்லாரையும்போல இருப்பதிலேயே சுகம் காணும் மனிதன் எந்த வகுப்பில் இருந்தாலும் அவன் மாசாதான் என்கிறார் அவர். தன் துறைக்கு வெளியே எதுவும் தெரியாத விஞ்ஞான நிபுணனையே அவர் அதற்கு உதாரணமாக நிறுத்துகிறார். அந்த மாசா-மனிதனுக்கு அவர் தேடிப்பிடித்த உவமை சேரியிலிருந்து வரவில்லை, மாளிகையிலிருந்து வந்தது. மொழிபெயர்ப்பு அந்த மாளிகையைத் தலைப்பிலிருந்து இடித்துவிட்டது. பொருளடக்கத்தைப் புரட்டுகிறவர் கண்ணில் மாஸஸ் படுகிறது, சென்யோரித்தோ படுவதில்லை. புத்தகத்தைப் படிக்காமலே மேற்கோள் காட்டும் பெரிய மனிதர்களுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? தொழிலாளர்கள் ஆட்சிக்கு வந்துவிட்டார்கள் என்று புலம்பிய புத்தகமாக அது சிலருக்கு வேதமாயிற்று, சிலருக்கு விஷமாயிற்று.

ஒர்த்தேகாவை இங்கே காப்பாற்ற வேண்டிய அவசியமில்லை. சிறுபான்மை உயர்ந்தோரே சமூகத்தை வழிநடத்த வேண்டும் என்ற அவர் கருத்தோடு சண்டை போட நிறைய இருக்கிறது. ஆனால் அவர் சொன்னதோடு சண்டை போட வேண்டும். தலைப்பு மாற்றியவர் சொன்னதோடு அல்ல.

நாய்ச் சண்டையும் சட்டையும்

மரியானோ அசுவேலா ஒரு டாக்டர். மெக்சிகோ புரட்சியில் பான்ச்சோ வில்யாவின் தரப்புப் படையோடு சென்றவர். அவருடைய 'லோஸ் தெ அபாஹோ' நாவல் 1915-ல் அமெரிக்க எல்லை நகரமான எல் பாசோவில் பத்திரிகைத் தொடராக வந்தது. தலைப்பின் பொருள் கீழே இருப்பவர்கள். அவ்வளவுதான். கீழே என்று ஒன்று இருந்தால் மேலே என்று ஒன்று உண்டு, மேலே உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு.

1929-ல் ஆங்கிலத்தில் வந்தபோது வைத்த பெயர் 'தி அண்டர்டாக்ஸ்'. பின்னால் வந்த மொழிபெயர்ப்புகளும் அதையே பிடித்துக்கொண்டன. அண்டர்டாக் நாய்ச் சண்டையில் கீழே விழுந்த நாய். இன்றைக்கு விளையாட்டுச் செய்தியில் ஜெயிக்க வாய்ப்புக் குறைந்த அணி. போட்டி என்றால் விதி உண்டு, நடுவர் உண்டு, கடைசி நிமிடத்தில் ஜெயித்துக் கைதட்டலும் வாங்கலாம். அசுவேலாவின் தெமெத்ரியோ மாசியாஸ் எந்தப் போட்டியிலும் இறங்கவில்லை. வீடு எரிக்கப்பட்ட ஒரு குடியானவன் அவன். சமூகத்தின் அமைப்பைச் சொன்ன ஒரு தலைப்பு ஆங்கிலத்தில் அதிர்ஷ்டத்தின் கதையாகிவிட்டது.

சில இடங்களில் தவறு எதிர்ப்பக்கமாகப் போகும். சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் பொருளைத் தொலைப்பது. 1945 அக்டோபர் 17 அன்று பெரோனை விடுவிக்கச் சொல்லித் தொழிலாளர்கள் பியூனஸ் அயர்ஸின் மாயோ சதுக்கத்தை நிறைத்தார்கள். அவர்களைத் தெஸ்காமிசாதோஸ் என்றார்கள். ஆங்கிலத்தில் ஷர்ட்லெஸ் ஒன்ஸ். வெற்று மார்போடு வந்தவர்கள் என்று ஆங்கில வாசகர் நினைத்துக்கொள்வார். அவர்கள் சட்டை போட்டுத்தான் இருந்தார்கள். இல்லாதது மேல்கோட்டு. கந்தலாண்டி, ஒன்றுமில்லாதவன் என்பதுதான் அந்தச் சொல்லின் வசவு. அந்த வசவைப் பெரோனும் எவீத்தாவும் எடுத்துப் பட்டமாகச் சூட்டினார்கள். வசவு பட்டமானதுதான் அங்கே நடந்த அரசியல். சட்டை இல்லை என்ற வெறும் தகவலில் அது எப்படித் தெரியும்?

பாப்புலர் படுத்தும் பாடு

போப்புலார் என்ற ஸ்பானியச் சொல்லுக்கு முதல் பொருள் ஜனத்துக்கு உரியது என்பது. ஆங்கில பாப்புலரில் முதலில் காதில் விழுவது பலருக்குப் பிடித்தது என்பது. 1936 பிப்ரவரித் தேர்தலில் ஜெயித்த கூட்டணி ஃப்ரெந்தே போப்புலார், ஆங்கிலத்தில் பாப்புலர் ஃப்ரண்ட். 1970-ல் சிலியில் அயெந்தேவை ஜனாதிபதியாக்கிய கூட்டணி உனிதாத் போப்புலார், ஆங்கிலத்தில் பாப்புலர் யூனிட்டி. ஸ்பெயினில் 1989-ல் இந்தப் பெயருக்கு மாறிய வலதுசாரிக் கட்சி பார்த்தீதோ போப்புலார், ஆங்கிலத்தில் பல இடங்களில் பீப்பிள்ஸ் பார்ட்டி. ஒரே உரிச்சொல், மூன்று கட்சிப் பெயர்கள். ஆனால் ஜனத்துக்கு உரியது என்ற பட்டம் ஆங்கிலத்தில் தெளிவாகக் கிடைத்தது வலதுசாரிக் கட்சிக்கு மட்டும். யாரும் சதி செய்யவில்லை. யோசிக்காமல் செய்தார்கள், அவ்வளவுதான். விளைவு ஒன்றுதான்.

"வாசகருக்குப் புரிய வேண்டாமா?"

மொழிபெயர்ப்பாளர்கள் தரப்பில் வழக்கமாக வரும் பதில் இது. புரிய வேண்டும், மறுப்பில்லை. ஆனால் எது புரிய வேண்டும்? ஸ்பானியர் சொன்னது புரிய வேண்டும். ஆங்கிலேயர் ஏற்கெனவே நினைத்திருந்தது திரும்பப் புரிவதற்கு ஒரு புத்தகம் எதற்கு?

இன்னொரு கூட்டம் எதிர்த் தீர்வு சொல்கிறது. புவெப்லோ, காசீக்கே என்று ஸ்பானியச் சொல்லையே சாய்ந்த எழுத்தில் போட்டுவிடலாம் என்கிறார்கள். இதுவும் பாதிச் சோம்பேறித்தனம்தான். எல்லாப் பக்கத்திலும் சாய்ந்த எழுத்து நின்றால் ஸ்பானிய ஜனம் என்னவோ வேற்றுக்கிரகவாசிகள் மாதிரி ஆகிவிடும். விளக்கமில்லாத ஒரு வேற்றுச்சொல், பூட்டிக் கொடுத்த பெட்டி.

மூன்றாவது வாதம்தான் கனமானது. ஸ்பானியச் சொற்களிலேயே சார்பு இருக்கிறதே, பொப்புலாச்சோ என்று எழுதியவன் ஸ்பானியன்தானே, ஆங்கிலத்தை மட்டும் ஏன் திட்ட வேண்டும்? சரியான கேள்வி. மத்ரித் ஜனம் 1766-ல் செய்தது மொத்தீன், 1808 மே 2 அன்று நெப்போலியன் படைக்கு எதிராகச் செய்தது லெவன்தாமியெந்தோ, அதாவது எழுச்சி, என்று பிரித்ததும் ஸ்பானியர்களே. யாரும் ஸ்பானியம் சுத்தம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சார்பு ஒரு சாட்சியம். எந்தப் பிரபு, எந்தப் பாதிரி, எந்தப் பத்திரிகை எந்த வருஷத்தில் ஜனத்தை எப்படிப் பார்த்தது என்பதற்கான கைரேகை. வசவு இருந்தால் அந்த வசவு அதே அளவில் வர வேண்டும், மரியாதை இருந்தால் அதே அளவில் வர வேண்டும். கூட்டவும் கூடாது, கழுவவும் கூடாது. பொப்புலாச்சோவைப் பீப்பிள் என்று மெழுகுவதும், முச்செதும்ப்ரேயை மாப் என்று கறைப்படுத்துவதும் ஒரே குற்றத்தின் இரண்டு பக்கங்கள். இரண்டிலும் கைரேகை அழிகிறது.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. ஒரு புத்தகத்துக்குள் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் முடிந்தவரை ஒரே சொல்லால் பெயர்ப்பது, முடியாத இடத்தில் முடியவில்லை என்று ஒரு வரி எழுதுவது, ஜனம் தன்னைத் தானே அழைத்துக்கொண்ட பெயரையும் எதிரி வைத்த பெயரையும் கலக்காமல் இருப்பது. முன்னுரையில் இரண்டு பக்கம் போதும். விலைவாசியும் கோரிக்கைப் பட்டியலும் இருந்த இடத்தில் தொப்பியை மட்டும் தலைப்பில் ஏற்றாமல் இருந்தாலே பாதிப் பாவம் தீரும்.

1766-ல் மத்ரித் தெருவில் நின்றவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். தங்களுக்கு என்ன பெயர் வைக்கப்படுகிறது என்று பார்த்துத் திருத்த அவர்களால் முடியாது. அவர்களைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் எதிர்த்தரப்பு. மொழிபெயர்ப்பாளர் அந்த எதிர்த்தரப்புக்கு இன்னொரு கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். ரொட்டி விலை கேட்டு வந்தவர்களை 250 வருஷத்துக்கு மேலாகத் தொப்பிக் கலகக்காரர்களாகவே நிற்க வைப்பதற்கு அந்த ஒரு கையெழுத்தே போதுமானதாக இருந்திருக்கிறது.